சூறையில் விழும் பருத்தி: சங்கரன்கோவிலை முன்வைத்து ஆய்வுத் தலைப்பு பற்றி ஒரு வாதம்

முதுகலை மாணவர்கள் ஆண்டு இறுதியில் கொண்டுவரும் ஆய்வேட்டுத் தலைப்புகளை ஒரு மேசையில் அடுக்கினால் நான்கைந்து குவியல்களுக்குள் அடங்கிவிடும். சமூகவியல் என்றால் சுய உதவிக் குழு. வரலாறு என்றால் ஒரு பாளையக்காரர். தமிழ் என்றால் ஒரு நாவலாசிரியரிடம் சமுதாயப் பார்வை. வணிகவியல் என்றால் ஏதோ ஒரு பொருளின் மீது நுகர்வோர் மனநிறைவு. ஊர்ப் பெயரை மாற்றிவிட்டால் தென்காசியில் எழுதியது தருமபுரிக்கும் அப்படியே பொருந்தும். மாணவரைச் சொல்லிக் குற்றமில்லை. தலைப்பைத் துறைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லி வைத்திருப்பவர்கள் நாம்தான்.

தலைப்பைத் துறையிலிருந்து எடுக்காமல் கண்ணெதிரே நடக்கும் ஒரு சிறு செயலிலிருந்து எடுக்கவேண்டும், அதுவும் அடுத்த ஆண்டு வேறொரு மாணவர் அதே இடத்தில் நின்று மீண்டும் பார்க்கக்கூடிய செயலாக இருக்கவேண்டும் என்பது என் வாதம். அதற்குச் சான்றாக எடுத்துக்கொள்வது சங்கரன்கோவில் ஆடித்தபசில் நடக்கும் சூறைவிடுதல்.

ஊரறிந்த விழாதான் அது. அரியும் சிவனும் ஒன்றென்பதைக் காணக் கோமதியம்மன் ஒற்றைக்காலில் தவமிருந்ததாகவும், சங்கரனும் நாராயணரும் ஓருருவாகிக் காட்சி தந்ததாகவும் தலவரலாறு சொல்லும். கொடியேறியதும் பெண்கள் ஆடிச்சுற்று சுற்றத் தொடங்குவார்கள். நூற்றெட்டு, ஐந்நூற்றொன்று என்று கணக்கு வைத்துக் கோயிலை வலம் வருவது அம்மனின் கால்வலியில் தானும் பங்கெடுப்பதாக ஐதீகம். பதினோராம் நாள் மாலை, தெற்கு ரத வீதியில் தபசுக் காட்சி. அம்மன் எழுந்தருளியிருக்கும் இடத்தை நோக்கிச் சங்கரநாராயணர் ரிஷப வாகனத்தில் வருவார். அப்போது சுற்றுவட்டாரச் சம்சாரிகள் (இவ்வட்டாரத்தில் உழவர்களைச் சொல்வது) தங்கள் காட்டில் விளைந்த பருத்தி, வத்தல், கம்பு, சோளம், நெல், பூ இவற்றைச் சப்பரத்தின் மீதும் கூட்டத்தின் மீதும் அள்ளி வீசுவார்கள். விளைச்சல் பெருக வேண்டிச் செய்யும் இந்த நேர்த்திதான் சூறைவிடுதல். கூட்டத்துக்கு மேலே பஞ்சு பறக்கும் அந்தக் காட்சியை நாளிதழ்கள் ஆண்டுதோறும் படமாகப் போடுகின்றன. படத்தின் கீழ் ஒரு வரியும் இருக்கும். அத்தோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

அங்கேதான் ஆய்வு தொடங்கவேண்டும். சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே இருப்பது கரிசல் மானாவாரி. ஆடிப்பட்டம் தேடி விதை என்ற பழமொழி தமிழ்நாடு முழுக்க ஓடினாலும் இந்தக் கரிசல் வடகிழக்குப் பருவமழையை நம்பியது. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து, மாசிக்குப் பிறகு பருத்தியும் வத்தலும் வீடு வந்து சேரும். தபசு வருவதோ ஆடியில். மானாவாரிச் சம்சாரி ஒருவர் ஆடி மாதத்தில் பருத்தி வீசுகிறார் என்றால், விற்று முடித்த பிறகும் சாமிக்கென்று அவர் வீட்டில் ஒரு பங்கு நின்றிருக்கிறது என்று பொருள். அந்தப் பங்கு எவ்வளவு, எந்தப் பாத்திரத்தில், யார் பொறுப்பில் இருந்தது? கடன்காரர் வாசலில் நின்ற ஆண்டிலும் நின்றதா? இறவைக்காரருக்குக் கணக்கே வேறு. அவர் கோடையில் பறித்ததைக் கொண்டுவந்திருக்கலாம். மேற்கே மலையடிவாரக் குளத்துப் பாசனம், கிழக்கே கரிசல் என்று இரண்டு நிலங்கள் சந்திக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் ஊர் இது. டேவிட் லுட்டன் 1985இல் வெளியிட்ட நூலில் திருநெல்வேலிச் சீமையின் உழவர் வரலாற்றை நன்செய், புன்செய், கலப்பு என்று மண்டலம் பிரித்து எழுதினார். அவர் ஆவணங்களைக் கொண்டு பிரித்த அந்த மண்டலங்கள் தபசன்று மாலை ஒரே தெருவில் தோளோடு தோள் உரசி நிற்கின்றன.

இந்த ஒரு கேள்வி எந்தத் துறையைச் சேர்ந்தது? பயிர்க் காலம் வேளாண்மை. சாமிப் பங்கு சமூகவியல். விற்றதும் நிறுத்திவைத்ததும் வணிகம். பருத்தி ஏன் முதலில் வந்தது என்று கேட்டால் அது வரலாறு. திருநெல்வேலிப் பஞ்சு என்ற பெயரில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேறிய சரக்கு இந்தக் கரிசலின் விளைச்சல். 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்தபோது லங்காஷயர் ஆலைகளின் பஞ்சுப் பசியால் இங்கே விலை எகிறியது. நாட்டு ரகமான கருங்கண்ணி இந்த மண்ணுக்குரியது. கோவில்பட்டியில் 1901இல் ஆராய்ச்சி நிலையம் வந்ததும் இந்தப் பருத்தியைக் கருதியே. இன்று அதே காடுகளில் மக்காச்சோளம் பரவியிருக்கிறது. நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனம் வேண்டும். 2018இல் படைப்புழு தமிழ்நாட்டு மக்காச்சோளத்தில் இறங்கியபோது மானாவாரிக்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அப்படியானால் தபசுச் சூறையில் மக்காச்சோளம் எந்த ஆண்டிலிருந்து விழுகிறது? விழுகிறதா, அல்லது கோழித் தீவனத்தைச் சாமிமேல் வீசுவதற்குக் கை கூசுகிறதா? காட்டில் பருத்தி போடுவதை விட்டவர் கடையில் பஞ்சு வாங்கி வீசினால் அது இன்னும் சுவையான செய்தி.

மொழி மாணவருக்கு இங்கே ஒரு சொல் காத்திருக்கிறது. சூறைக்காற்று, சூறையாடுதல், சூறைத்தேங்காய் எல்லாவற்றிலும் பொருள் உடையவர் கையை விட்டுச் சிதறுகிறது. சிதறியபின் அது யாருக்கும் சொந்தமில்லை, எவரும் எடுக்கலாம். தானம், காணிக்கை என்ற சொற்களில் கொடுப்பவரும் பெறுபவரும் உண்டு. சூறையில் பெறுபவர் கிடையாது. ஆகவே யாருக்கு முதல் மரியாதை என்ற சிக்கலும் இங்கே எழுவதில்லை. மண்டகப்படியோடு ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். மண்டகப்படியில் எந்த நாள் எந்தச் சமூகத்துக்கு, பரிவட்டம் யாருக்கு என்பது வரிசையாக வகுக்கப்பட்டிருக்கும். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலை வைத்து அர்ஜுன் அப்பாதுரை 1981இல் எழுதிய நூல் கோயில் மரியாதைகளின் அரசியலை விளக்குகிறது. அவர் கருத்தைக் கொண்டு மண்டகப்படியைப் படித்துவிடலாம், சூறையைப் படிக்க முடியாது. சாதி வரிசை ஓங்கியிருக்கும் விழாவுக்குள் வரிசையே இல்லாத ஒரு கொடை எப்படி இடம்பிடித்தது என்பது, என் கணிப்பில், ஒரு முனைவர் பட்டத்துக்குப் போதுமான கேள்வி. புற்றுக்குள்ளிருந்த லிங்கத்தை முதலில் கண்டவன் என்று தலவரலாறு சொல்வது தோட்டக் காவலனான காவற்பறையன் மணிக்கிரீவனை. அரசன் உக்கிரபாண்டியன் அதன் பிறகுதான் வருகிறான். இதையும் அந்த மாணவர் மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

வரலாற்றுத்துறை மாணவர் பாளையக்காரர் புலித்தேவரை எழுத வருவார். அவருடைய நெற்கட்டும்செவல் பக்கத்தில்தான் இருக்கிறது, கோயிலுக்குள் அவர் மறைந்தார் என்ற வாய்மொழியும் ஊரில் வலுவாக நிற்கிறது. எழுதட்டும். ஆனால் 1755இல் ஆங்கிலப் படையோடு கர்னல் ஹெரான் வந்தது முதலான கதையைக் கால்டுவெல்லின் 1881 நூலிலிருந்து இன்னொரு முறை படியெடுப்பதால் புலித்தேவருக்கும் புகழில்லை, மாணவருக்கும் பயனில்லை.

இது மாணவர் கையில் ஆகிற காரியமா என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாட்டிலேயே பதில் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் மாணவர்களை விடுமுறையில் கிராமங்களுக்கு அனுப்பி, நிலம், கூலி, கடன், வீடு என்று கேள்விகள் கொடுத்து எழுதிவரச் சொன்னார். அந்தக் குறிப்புகள் 1918இல் நூலாயின. நெல்லைக்கு வடக்கே இருக்கும் கங்கைகொண்டானும் அதில் ஒரு கிராமம். தாமஸும் ராமகிருஷ்ணனும் அதே ஊர்களின் மறுஆய்வை 1940இல் வெளியிட்டார்கள். பிறகும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போனார்கள். தென்னார்க்காட்டு இருவேல்பட்டுக்கு 1916 முதல் 2008 வரை ஒரு தொடர்ச்சி கிடைத்ததால் நிலமும் கூலியும் சாதியும் ஒரு நூற்றாண்டில் எப்படி மாறின என்று எழுத முடிந்தது. முதல் மாணவரின் எழுத்தில் மேதைமை இருந்திருக்கவேண்டும் என்பதில்லை. இன்னொருவர் திரும்பிப்போய்ப் பார்க்க இடம் வைத்து எழுதியிருந்தார், அது போதுமாயிற்று.

சூறை எறிபவர்கள் எல்லா உழவர்களுக்கும் பிரதிநிதிகள் ஆவார்களா என்ற மறுப்பு வரும். ஆகமாட்டார்கள். பயிர்ப் பரப்பு வேண்டுமானால் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் பதிவேடு இருக்கிறது. சூறை காட்டுவது பரப்பை அன்று. சாமிக்கு முன் தன் பயிர் என்று உழவர் எதை ஒப்புக்கொள்கிறார் என்பதை. அடங்கலும் சூறையும் ஒத்துப்போகாத இடம்தான் ஆய்வாளருக்குச் சோறு போடும். பிரெஞ்சு வரலாற்றாசிரியர் லெ ரோய் லதூரி திராட்சை அறுவடை தொடங்கிய தேதிகளை நூற்றாண்டுகளுக்கு வரிசைப்படுத்திப் பழைய தட்பவெப்பத்தைப் படித்தார். தேதி குறித்தவர்கள் யாரும் வானிலை ஆராய்ச்சிக்காகக் குறிக்கவில்லை. சூறையும் அப்படிப்பட்ட சான்றுதான்.

தறியைச் சொல்லாமல் சங்கரன்கோவிலைப் பற்றி எழுதினால் ஊரார் சிரிப்பார்கள். தெருவுக்குத் தெரு தறிச்சத்தம் கேட்கும் விசைத்தறி ஊர் இது. ஆனால் சுற்றியுள்ள காட்டுப் பஞ்சு நேராக ஊர்த் தறிக்கு வருவதில்லை. வியாபாரி, அரைவை ஆலை, நூற்பாலை என்று சுற்றி, நூலாகி விலைக்கு வருகிறது. நூல் விலை ஏறினால் தறி நிற்கிறது. பஞ்சு விலை ஏறினால் சம்சாரி சிரிக்கிறார். ஒரே இழையின் இரு முனைகளில் இருக்கும் இவர்களுக்கு இப்படி எதிரெதிர் நலன்கள். இந்த இரு தரப்பும் ஒரே தெருவில் நிற்கும் நாள் தபசு. தறிக்காரர் சூறைவிடுகிறாரா, எதை விடுகிறார்? தமிழ்த்துறை மாணவர் தறிக்கூடத்துக்குள்ளும் போகலாம். பாவு, ஊடை, அச்சு, தார் என்ற பழஞ்சொற்கள் பீம், பிக் என்ற ஆலைச் சொற்களோடு ஒரே வாக்கியத்தில் புழங்குவதை அங்கே கேட்கலாம். கி. ராஜநாராயணன் கரிசல் வழக்குக்கு அகராதி தொகுத்துக் காட்டினார். தறிக்கூடத்துப் பேச்சையும் அப்படித் தொகுக்கலாம்.

வழிகாட்டும் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தபசுக்கு நான்கு துறைகளிலிருந்தும் ஒவ்வொரு மாணவரைத் தெற்கு ரத வீதிக்கு அனுப்புங்கள். வினாநிரலைப் பெரிதாக்க வேண்டாம். எந்த ஊர், மானாவாரியா இறவையா, என்ன வீசினார், எப்போது பறித்தது, வீட்டில் எடுத்து வைத்தவர் யார் ஆகிய ஐந்தும் போதும். நிரப்பிய தாள்களைத் துறை நூலகத்தில் ஆண்டு குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு போகிறவர் முதலில் அவற்றைப் படித்துவிட்டுப் போகட்டும்.