நரிக்கு வேலி போட்ட கதை

இன்னைக்கு நாம கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுக்குப் போறோம். 1890-கள். சார்லஸ் டால்டன், ராபர்ட் ஓல்டன்னு ரெண்டு பேர், ஆல்பர்ட்டன் ஊர்ப் பக்கம் ஒரு சின்னத் தீவுல நரி வளர்க்கிறாங்க. செந்நரிகள்ல அபூர்வமா கருப்பு உடம்பும் வெள்ளி நுனி முடியுமா ஒரு வகை பிறக்கும். அதுதான் வெள்ளி நரி. லண்டன் ஏலத்துல அதோட தோலுக்கு அப்படி ஒரு கிராக்கி!

சுத்தி தண்ணி இருக்கே, நரி எங்க ஓடும்னு தோணும். ஆனா அங்க குளிர்காலத்துல விரிகுடா உறைஞ்சிடும். நரி பனிக்கட்டி மேல நடந்தே கரைக்குப் போயிடலாம். அதனால வேலி வேணும்.

என் வேலையில பாதுகாப்புன்னு வந்தா, எதிராளி எந்த வழியா வருவான்னுதான் முதல்ல யோசிப்போம். இங்க யோசிக்க வேண்டியது நரி மாதிரி. நரி தோண்டும். அதனால கம்பி வலையை மண்ணுக்குள்ள ஆழமா இறக்கி, அடியில உள்பக்கமா மடக்கினாங்க. வலையை ஒட்டித் தோண்டுற நரிக்கு, காலுக்குக் கீழேயும் வலைதான். நரி ஏறும். அதனால ஆளைவிட உயரமான வேலி, உச்சியில உள்பக்கம் சாய்ஞ்ச விளிம்பு. பனி குவிஞ்சா தரை மட்டமே உயர்ந்து வேலி குட்டையாயிடும், அதையும் கணக்குல எடுக்கணும். கடைசியா, எல்லாக் கூண்டுகளையும் சேர்த்து வெளியே இன்னொரு வேலி.

இதுவரைக்கும் இது வெறும் பொறியியல். சிக்கல் வேற இடத்துல இருந்துச்சு. அடைச்சு வச்ச நரி பயந்துட்டா தன் குட்டிகளையே கொன்னுடும். அதுக்கு முன்னாடி நரி வளர்க்கப் பார்த்த பலர் தோத்ததுக்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். அதனால ஜோடிக்கு ஒரு தனிக் கூண்டு, உள்ளே இருட்டான மரப் பெட்டி. ஆக, வெளி வேலிக்கு ரெண்டு வேலை: தப்பிச்ச நரியைத் தடுக்கணும், மனுஷனையும் நாயையும் தூர நிறுத்தணும்.

இந்த நுட்பத்தை ரொம்ப நாள் ஒரு சின்னக் கூட்டமே கையில வச்சிருந்துச்சு. 'பிக் சிக்ஸ்'னு பேர். தோலை விற்கலாம், உயிருள்ள நரியை வெளியாளுக்கு விற்கக் கூடாதுங்கிறது அவங்க ஒப்பந்தம். 1910 வாக்குல அது உடைஞ்சது. சில வருஷத்துல ஒரு ஜோடி 10,000 டாலரைத் தாண்டுச்சு. உடனே திருட்டு பயம். காவலாளி, காவல் நாய், கண்காணிப்புக் கோபுரம்னு வரிசையா வந்துச்சு. முதலீடு பண்ணவங்க நரியைப் பார்க்க வேற ஆசைப்பட்டாங்க. காவல் கூடக் கூட ஆள் நடமாட்டமும் கூடும். ஆனா தாய் நரிக்குத் தேவை அமைதி. அதனால இனப்பெருக்க காலத்துல பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லைன்னு பண்ணைகள் விதி போட்டுச்சு.

1914-ல உலகப் போர் வந்து விலையைச் சரிச்சது. அந்த விலையை எந்த வேலியும் காப்பாத்தல. ஆனா நரிகள் பல நாடுகளுக்குப் போயிருந்துச்சு. 1959-ல சோவியத் விஞ்ஞானி பெல்யாயேவ் தொடங்கின பிரபலமான நரி பழக்கும் ஆய்வுல இருந்த நரிகளோட முன்னோர்களும் இந்தத் தீவுப் பண்ணை வழி வந்தவைதான்.

கம்பி வலை யார் வேணும்னாலும் வாங்கலாம். உள்ளே இருக்கிற உயிர் எதுக்குப் பயப்படுதுன்னு பார்த்துக் கட்டினதாலதான் அந்தப் பண்ணை நிலைச்சது.