1903-ஆம் பிரிவின் ஒரு காலக்கெடு: மெடிக்கெய்டில் மாநிலங்களின் கடப்பாடு

2012 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில், தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ், நடுவண் அரசும் மாநிலங்களும் சேர்ந்து நடத்தும் ஏழைகளுக்கான மருத்துவ உதவித் திட்டமான மெடிக்கெய்டின் வரலாற்றை ஒரு குறிப்பிட்ட வகையில் வாசித்தார். முதியோர், பார்வையற்றோர், மாற்றுத்திறனாளிகள், பிள்ளைகளைக் கொண்ட வறிய குடும்பங்கள் ஆகிய நான்கு பிரிவினருக்கென 1965-இல் அமைந்த திட்டம் அது. 2010-ஆம் ஆண்டின் சுகாதாரச் சீர்திருத்தச் சட்டமோ 65 வயதுக்குட்பட்ட ஏழைகள் அனைவரையும் சேர்க்கச் சொல்கிறது. ஆகவே இது பழையதன் விரிவாக்கம் அன்று, புதுத் திட்டம். ஏற்க மறுக்கும் மாநிலத்தின் பழைய நிதியையும் நிறுத்துவது வற்புறுத்தலே என்றார். ஒன்பது நீதிபதிகளில் எழுவர் அதை வற்புறுத்தல் என ஏற்றனர். அம்முடிவு சட்ட அறிஞர்களின் விவாதத்துக்கு உரியது. அதைத் தாங்கி நிற்கும் வரலாற்று வாசிப்பை ஏற்க இயலாது என்பதே என் வாதம்.

மெடிக்கெய்டு பின்னர் இணைக்கப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தும் உரிமையை நாடாளுமன்றம் 1935-இலேயே தன்னிடம் வைத்துக்கொண்டது. ராபர்ட்ஸ் இதை அறிந்தே, இத்தனை பெரிய மாற்றத்தை மாநிலங்கள் எதிர்பார்த்திருக்க முடியாது என்றார். ஆனால் 1965-ஆம் ஆண்டின் மூலச் சட்டத்தில், 1903-ஆம் பிரிவின் ஐந்தாம் உட்பிரிவைப் பாருங்கள். மருத்துவச் சேவைகளை விரிவாக்கவும், தகுதி விதிகளைத் தளர்த்தவும் முயல்வதாக நிறுவாத மாநிலத்துக்கு அப்பிரிவின்கீழ் நிதியே கிடையாது என்கிறது அது. இலக்கு நாளும் உண்டு: 1975 ஜூலை 1. அதற்குள், வருமானமும் சொத்தும் திட்ட வரம்புக்குள் இருக்கும் ஏறத்தாழ அனைவருக்கும் முழுமையான சிகிச்சை கிடைக்க வேண்டும். விரிவாக்கக் கடமை, நிதி நிறுத்தம் என்ற எச்சரிக்கை, காலக்கெடு ஆகிய மூன்றும் தொடக்கத்திலேயே இருக்கின்றன. 2010-இல் வந்தது எதிர்பாராத திருப்பம் என்று எப்படிச் சொல்வது?

இதற்கு மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட. வருமான வரம்பை வகுப்பது மாநிலத்தின் கையில் இருந்தது. நான்கு பிரிவுகளை நீக்கும்படி அவ்வாசகம் வெளிப்படையாகக் கேட்கவில்லை. ஆயினும் தகுதி பற்றிப் பேசும் இடத்தில் அது வருமானத்தையும் சொத்தையும் மட்டுமே சொல்கிறது, பிரிவுகளைச் சொல்லவில்லை. இந்த மௌனத்துக்குப் பொருள் உண்டு என்றே கருதுகிறேன். திட்டம் செல்ல வேண்டிய திசையைக் காட்ட அதுவே போதும்.

பிறகு நடந்தது பின்வாங்கல். 1966-இல் நியூயார்க் மாநிலம் நால்வர் குடும்பத்துக்கு 6,000 டாலர் என்ற தாராளமான வரம்பை வைத்தது. மறு ஆண்டே நாடாளுமன்றம் நடுவண் நிதிக்கு வருமான உச்சவரம்பு விதித்தது. 1969-இல் காலக்கெடு 1977-க்குத் தள்ளிப்போனது. 1972-இல் அந்த உட்பிரிவே நீக்கப்பட்டது. நீக்கியதால் கடமை முற்றாக அற்றுப்போனதா என்பது திறந்த வினாதான். ஆனால் 1965-இல் மாநிலங்கள் எதற்கு உடன்பட்டன என்ற கேள்விக்கு 1972 விடையாகாது.

எதற்கு உடன்பட்டன என்பது எப்போது சேர்ந்தன என்பதையும் பொறுத்தது; ஆனால் மாநிலங்கள் சேர்ந்த நாளைக் கணக்கிடுவதிலும் தெளிவில்லை. அரிசோனா கடைசியாக 1982 அக்டோபரில் வந்தது என்பது வழக்கமான கணக்கு. ஆனால் அது நுழைந்தது, வழக்கமான விதிகளிலிருந்து விலக்குப் பெற்ற சோதனைத் திட்டத்தின் வழியாக. அதை முழுமையான சேர்க்கையாகக் கொண்டால்தான் 1982 என்ற ஆண்டு நிற்கும். நான் அதைத் தயக்கத்தோடே ஏற்கிறேன்.