வந்து பேசியோரும் இருந்து காத்தோரும்

தஞ்சைத் தரணியில் கல்லூரி மேடைகளின் வரலாறு பெரிதும் எழுதப்படாத வரலாறே ஆகும். கட்டிடம் எழுந்த ஆண்டும் முதல்வர்தம் பெயர்களும் கல்லில் பொறிக்கப்படுகின்றன. மாலைப்பொழுதில் வெளியூரிலிருந்து வந்து பேசிச் சென்ற புலவரின் சொல்லோ கேட்டோர் நெஞ்சில் தங்கி, அவர்களோடு மறைகிறது. அங்ஙனம் மறையாது நின்றவை எவை, எதனால் நின்றன என்று ஆராய்வது இலக்கிய வட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் பயன்தரும்.

குடந்தை அரசினர் கல்லூரியில் 1880ஆம் ஆண்டு தியாகராச செட்டியாரின் இடத்தில் உ.வே.சாமிநாதையர் தமிழாசிரியராக அமர்ந்தார். அதே ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், அவ்வூருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் ஐயர் அடுக்கிச் சொல்ல, இவற்றிற்கெல்லாம் முந்திய சீவக சிந்தாமணி போன்ற நூல்களைப் படித்ததுண்டோ என்று முதலியார் வினவினார். அவ்வொரு வினா ஏழாண்டு உழைப்பாகப் பெருகி, 1887இல் சிந்தாமணி அச்சேறியது. அங்கே மேடையும் இல்லை, மாலையும் இல்லை. ஊருக்குப் புதிதாய் வந்த ஒருவர் கேட்டார். ஊரிலிருந்த ஒருவர் அக்கேள்வியை விடாது பற்றிக்கொண்டார்.

அத்தகைய பற்றினை ஓர் அமைப்பாகவே வளர்த்தது கரந்தை. தஞ்சை நகரின் வடபால், வடவாற்றை அடுத்த கருந்திட்டைக்குடியில் 1911 மே 14ஆம் நாள் கரந்தைத் தமிழ்ச் சங்கம் தோன்றியது. தோற்றுவித்தவர் இராதாகிருட்டினப் பிள்ளை. தலைமை ஏற்றவர் அவர்தம் தமையனார், வழக்கறிஞர் உமாமகேசுவரனார். 1941இல் மறையும்வரை முப்பதாண்டுகள் அத்தலைமையை அவர் சுமந்தார். சங்கம் தோன்றிய மறு ஆண்டே, அதே தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் சங்கீத வித்தியா மகாசன சங்கத்தைத் தொடங்கினார். இசைவாணரை வரவழைத்து மாநாடுகள் நடத்திச் சுருதி ஆராய்ச்சியை வளர்த்தார். அவ்வாராய்ச்சியின் விளைவாகிய கருணாமிர்த சாகரம் 1917இல் வெளிவந்தது. இயலுக்கும் இசைக்கும் ஓராண்டு இடைவெளியில் ஓரூரில் எழுந்த இவ்விரு அவைகளும், கூடிக் கலைவதோடு நிறைவடையாமல் கூடியதன் பயனை ஏட்டில் ஏற்றின.

கரந்தையின் கூட்டங்களில் சிறியதொரு வழக்கம் வேரூன்றியது. 1891இல் வெளியான மனோன்மணீயம் நாடகத்துத் தமிழ்த்தெய்வ வணக்கம் சங்கத்தின் தொடக்க ஆண்டுகளிலேயே அங்கு வாழ்த்துப் பாடலாக இசைக்கப்பட்டது. அரசு விழாக்களில் அப்பாடலைப் பாடும் மரபைத் தமிழக அரசு 1970இல் நிறுவியது. 2021இல் அதுவே மாநிலப் பாடலாக அறிவிக்கப்பெற்றது. தமிழை உயர்தனிச் செம்மொழியாக ஏற்கவேண்டுமெனச் சங்கம் 1919இல் தீர்மானம் இயற்றியது. நடுவண் அரசின் ஏற்பு 2004இல் கிட்டியது. ஒரு மாலைக் கூட்டத்தின் தீர்மானம் பயன்பெற எண்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. அத்தனை காலமும் அக்கோரிக்கை அணையாமல் காத்தவர்கள், மேடையேறியவர்களைக் காட்டிலும் மேடைக்குக் கீழே இருந்தவர்களே.

பேசியதைக் காக்க ஏடு வேண்டும் என்பதைச் சங்கம் உணர்ந்தது. 1925இல் தமிழ்ப்பொழில் என்னும் இதழ் மலர்ந்தது. குடந்தையில் பள்ளித் தமிழாசிரியராக இருந்துகொண்டே சோழர் கல்வெட்டுகளை ஆராய்ந்த தி.வை.சதாசிவ பண்டாரத்தார் போன்றோரின் கட்டுரைகளுக்கு அப்பொழில் இடமளித்தது. பின்னர் 1938இல் புலவர் கல்லூரி தொடங்கப்பெற்றது.

அக்கல்லூரியின் வரலாற்றில் நடுக்காவேரி ந.மு.வேங்கடசாமி நாட்டாரின் வாழ்வு தனித்து எண்ணத்தக்கது. திருச்சிக் கல்லூரியிலும் பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராய் விளங்கியவர் அவர். தமிழுக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டுமென 1920களிலேயே எண்ணித் திட்டம் வகுத்தவரும் அவரே. சிதம்பரத்தில் பணி நிறைவுற்றபின் 1940இல் கரந்தைப் புலவர் கல்லூரியின் மதிப்பியல் முதல்வராக அமர்ந்து, 1944இல் மறையும்வரை கற்பித்தார். மேடைதோறும் அழைக்கப்பெற்ற நாவலர் ஒருவர், அழைத்தோரின் வீட்டிலேயே தங்கி விளக்கேற்றிய செயல் அது. கரந்தைக் கவியரசு வேங்கடாசலம் பிள்ளையும் அவரும் இணைந்து அகநானூற்றுக்கு உரை கண்டனர். இருவர் கூட்டுறவின் கனி அவ்வுரை. அவர் எண்ணிய தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981இல் தஞ்சையிலேயே எழுந்தது.

1950களில் தஞ்சையில் சரபோசி மன்னர் கல்லூரியும், பூண்டியில் புட்பம் கல்லூரியும் தோன்றின. கல்லூரிதோறும் தமிழ்மன்றம், முத்தமிழ் விழா, கவியரங்கம், பட்டிமன்றம் எனக் கலைமாலைகள் பல்கின. சிற்றூர்களிலிருந்து வந்த உழவர்தம் மக்கள் பலர் பெரும் புலவரை நேரிற் கண்டது அம்மாலைகளிலேதான். அவற்றின் கொடை சிறிதன்று. எனினும் கவியரங்குகளில் படிக்கப்பட்டவற்றுள் தொகுக்கப்பெற்று நூலானவை சிறுபான்மையே. கைதட்டலோடு கரைந்துபோன நல்ல கவிதைகளை இனி எவர் மீட்க இயலும்?

காவிரிப் படுகையின் உழவன் நன்கறிந்த உண்மை ஒன்றுண்டு. ஆற்றில் வரும் நீர் எல்லார்க்கும் பொது. நாற்றங்கால் ஆயத்தமாய் இருந்து, வரப்பும் உயர்ந்திருந்தால்தான் அந்நீர் நெல்லாகும். இல்லையேல் வடிகாலில் ஓடிக் கடலிற் கலக்கும். விருந்தினராக வரும் புலவரின் சொல்லும் அத்தகையதே.

பத்தாண்டு நிறைந்த வேளையில் கரந்தைச் சங்கத்திற்குச் சொந்த இதழ் இல்லை, கல்லூரியும் இல்லை. இதழ் பதினான்காம் ஆண்டில் வந்தது. கல்லூரி இருபத்தேழாம் ஆண்டில் வந்தது. அன்று அதனிடம் இருந்தவற்றுள் ஒரு பாடலும், ஒரு தீர்மானமும், கலையாத சிலரும் உண்டு. பத்தாண்டு காணும் எவ்வட்டமும் தன்னிடம் உள்ளதை எண்ணிப் பார்க்க இவ்வளவு அளவுகோல் போதும்.