பரதேசி ஜெப ஆலயம், மட்டாஞ்சேரி

பரதேசி ஜெப ஆலயம் கேரளத்தின் கொச்சியை அடுத்த மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட யூத வழிபாட்டுக் கூடம். இந்தியாவில் இன்றும் நிலைத்திருக்கும் மிகப் பழைய ஜெப ஆலயங்களுள் ஒன்று.

வகை: கொச்சி யூதர்களில் தொன்மையான மலபார் யூதர், ஸ்பெயின், போர்ச்சுகல் முதலிய நாடுகளிலிருந்து பின்னர் வந்த பரதேசி யூதர் என இரு பிரிவினர் இருந்தனர். இந்த ஆலயம் பின்னவருடையது.

அமைப்பு: கூடத்தின் நடுவில் பித்தளைக் கம்பிகள் சூழ்ந்த வாசிப்பு மேடை உள்ளது. மாடத்தில் இரண்டாவது மேடை இருப்பது கேரள மரபு. யூத மறைநூலான தோராவின் சுருள்கள் மரப்பேழையில் காக்கப்படுகின்றன. தரையில் கையால் தீட்டிய நீலநிறச் சீன ஓடுகள் பதிந்துள்ளன. உள்ளே செல்வோர் காலணியைக் கழற்ற வேண்டும்.

வரலாறு: கொச்சி அரசர் தம் அரண்மனைக்கும் கோயிலுக்கும் அருகிலேயே நிலம் அளித்தார். 1662இல் போர்ச்சுகீசியர் கட்டடத்தைச் சேதப்படுத்தினர். டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றியபின் சீரமைக்கப்பட்டது. மணிக்கூண்டு 1760இல் வணிகர் எசேக்கியேல் ரகபியால் எழுப்பப்பட்டது.

பரதேசி யூதரிடம் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற யூதர்களின் வழிவந்தோருக்கு இங்கு நெடுங்காலம் சம உரிமை கிடைக்கவில்லை. அவர்களுள் ஒருவரான வழக்கறிஞர் ஏ. பி. சேலம் (1882–1967) காந்திய வழியில் இதை எதிர்த்துப் போராடினார். தடைகள் படிப்படியாகத் தளர்ந்தன.

முக்கியத்துவம்: 1968இல் நடந்த நானூறாம் ஆண்டு விழாவில் பிரதமர் இந்திரா காந்தி கலந்துகொண்டார், நினைவு அஞ்சல்தலையும் வெளியானது. 1948க்குப் பின் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலில் குடியேறியதால், வழிபாட்டுக்கு வேண்டிய பத்து ஆண்கள் சேர்வதே அரிதாயிற்று. வழிபாடு குறைந்தாலும் பல சமயத்தாரும் கூடத்தைக் காண வருகின்றனர்.