காடும் தோட்டமும்: பரமத்தி வேலூர் வட்டாரத்தில் நிலப்பதிவும் மக்கள் நிலப்பார்வையும்

காவிரிக் கரையில் நிலவகையே ஊர்ப்பெயராக நிலைத்துள்ளது. திருமணிமுத்தாறு காவிரியில் கலக்கும் பகுதியில் நன்செய் இடையாறும் புன்செய் இடையாறும் உள்ளன. எதிர்க்கரையில் நஞ்சை புகளூரும் புஞ்சை புகளூரும் உள்ளன. எனினும் உழவர் பேச்சில் நிலம் இவ்விரண்டாக மட்டும் பிரிவதில்லை. கொங்கு வழக்கில் மழையை நம்பிய மேட்டுநிலம் ‘காடு’ எனப்படும் (இது வனத்தைக் குறிப்பதன்று). கிணறு பாய்வது ‘தோட்டம்’. வாய்க்கால் பாய்வது ‘வயல்’. வெற்றிலை படர்வது ‘கொடிக்கால்’.

வயலின் வரலாறு ராஜ வாய்க்காலோடு பிணைந்தது. ஜேடர்பாளையத்தில் காவிரியினின்று பிரியும் இவ்வாய்க்காலைப் பரமத்திப் பகுதியை ஆண்ட அல்லாள இளைய நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் வெட்டுவித்தார் என்பது வட்டார மரபு. ஒரு குறுநிலத் தலைவர் போரால் அன்றி வாய்க்காலால் நினைக்கப்படுவது கருதத்தக்கது. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலம் பகுதி கும்பினியார் வசமானபின், அலெக்சாண்டர் ரீடு நிலங்களை அளந்து தீர்வை விதித்தார். அவ்வழி வளர்ந்த ரயத்துவாரி முறையில், சொந்தக் கிணறு தோண்டிய நிலமும் புன்செய்யாகவே நீடித்தது. தீர்வை கூடாததால் குடியானவருக்கு அது நன்மையே. ஆனால் தோட்டம் என்னும் வகை பதிவேட்டில் இடம்பெறாமல் போயிற்று.

1934இல் மேட்டூர் அணை நிறைவுற்றபின் வாய்க்காலின் நீர் அணைத் திறப்பைச் சார்ந்ததாயிற்று. இதனால் பெரிதும் பாதிப்புக்குள்ளாகக் கூடியது கொடிக்கால். அகத்தி நிழலில் படரும் வெற்றிலைக்கு ஈரம் இடையறாது வேண்டும். பராமரிப்புக்காக வாய்க்கால் அடைபடும் நாள்கள் நீண்டால் கொடி வாடும். நூறு இலை ஒரு கவுளி, 104 கவுளி ஒரு சுமை என எண்ணிக் கட்டும் இத்தொழில் நிலமுடையாரை மட்டும் சார்ந்ததன்று. குத்தகைதாரரும் இலை கிள்ளுவோரும் இதனால் வாழ்கின்றனர். அதே நிலம் தென்னந்தோப்பானால் ஆள் தேவை வெகுவாகக் குறையும். அடங்கலில் பயிர் மாறினும் பதிவேட்டில் அது அன்றும் இன்றும் நன்செய்யே.

மேட்டுநிலத்தாரின் எதிர்பார்ப்பு வேறு. மேட்டூர் உபரிநீரைத் திருமணிமுத்தாற்றோடு இணைக்க வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை. உபரிநீர் ஆண்டு முழுதும் வருவதன்று. ஏரி நிறைக்கும், கிணறு ஊறச் செய்யும். அதாவது, காடு தோட்டமாகும், வயலாகாது. கோரிக்கையின் அளவு வழக்குச் சொல்லிலேயே துல்லியமாக அமைந்துள்ளது. அது நிறைவேறினும் பதிவேட்டில் புன்செய் புன்செய்யாகவே இருக்கும்.

இவ்வாறு மக்கள் விரும்பும் மாற்றமும் அஞ்சும் மாற்றமும் நிலவகைப் பதிவில் புலப்படுவதில்லை. அங்கே தெளிவாகப் புலப்படுவது விளைநிலம் வீட்டுமனையாவது ஒன்றே. அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016இல் தடை விதித்தபின் எழுந்த விதிகளும் வேளாண்மை, வேளாண்மை அல்லாதது என்னும் பிரிவிலேயே பெரிதும் நிற்கின்றன. கொடிக்கால் தோப்பாகும்போது அனுமதி கேட்க வேண்டியவர் எவருமிலர்.