சொசேஜ் ரோல்: பிரித்தானியத் தொழிலாளரின் காலை உணவை வீட்டில் செய்வது எப்படி?

பிரித்தானிய நகரங்களில் அதிகாலை வேலைக்குப் போகிறவர்கள் பலரின் கையில் ஒரு சிறிய கடதாசிப் பை இருக்கும். அடியில் எண்ணெய் ஊறியிருக்கும் அந்தப் பைக்குள் இருப்பது பெரும்பாலும் சொசேஜ் ரோல். அரைத்த பன்றி இறைச்சியைப் பல மடிப்புள்ள பேஸ்ட்ரி மாவில் சுற்றிப் போறணையில் வேகவைத்த உணவு அது. கட்டடத் தொழிலாளி, பேருந்துச் சாரதி, இரவு வேலை முடித்துத் திரும்பும் தாதி என எல்லோரும் நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அகதிகளாகப் போய்ப் பெற்றோல் நிலையங்களிலும் கடைகளிலும் வேலை செய்த எம்மவர் பலருக்கும் இது பழகிய உணவுதான்.

நம் ஊர்த் தேநீர்க் கடை ரோல்ஸை இதனுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. மெல்லிய அப்பத்தில் கறியைச் சுற்றி, பாண் தூளில் புரட்டி, எண்ணெயில் பொரிப்பது நமது ரோல்ஸ். சொசேஜ் ரோலுக்கு எண்ணெய்ச் சட்டியே தேவையில்லை. அதன் ருசி முழுவதும் பட்டரிலும் இறைச்சியிலும்தான் இருக்கிறது.

பிரித்தானிய சொசேஜில் இறைச்சியுடன் ரஸ்க் தூளோ பாண் தூளோ பெரும்பாலும் சேர்ந்திருக்கும். அது இறைச்சியின் சாற்றையும் கொழுப்பையும் பிடித்து வைத்திருக்கும் என்பது உண்மை. கொஞ்ச இறைச்சியைப் பலருக்குப் பகிர வேண்டியிருந்தது என்பது அதைவிடப் பெரிய உண்மை. இன்றைய சட்டப்படியும் ‘பன்றி இறைச்சி சொசேஜ்’ என்று பெயரிட்டு விற்க அதில் 42 சதவீதம் பன்றி இறைச்சி இருந்தால் போதும்.

இரண்டாம் உலகப் போர் இதை இன்னும் இறுக்கியது. 1940 ஜனவரி 8ஆம் திகதி பன்றி இறைச்சி பேக்கன், பட்டர், சீனி ஆகியவற்றுக்குப் பங்கீடு தொடங்கியது. மார்ச்சில் மற்ற இறைச்சிகளும் பங்கீட்டு அட்டைக்குள் வந்தன. சொசேஜுக்குக் கூப்பன் கேட்கவில்லை. ஆனால் அது கிடைப்பதே அரிது. இறைச்சிக் கடைக்கு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டால் பெண்கள் வரிசையில் போய் நிற்பார்கள். கையில் கிடைப்பதில் இறைச்சியைவிடப் பாண் கூடுதலாக இருக்கும். ஒருவருக்கு வாரத்துக்குப் பெரும்பாலும் 2 அவுன்ஸ், அதாவது 57 கிராம் அளவு பட்டர்தான். கீழே சொல்லும் ஒரு தடவைப் பேஸ்ட்ரிக்கு மட்டும் ஓர் ஆளின் மூன்று வாரப் பட்டர் தேவை.

இதில் எம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. போர் நடந்த காலம் முழுவதும் பங்கீடு இல்லாதிருந்த பாணுக்கு, போர் முடிந்த பிறகு, 1946 ஜூலையில் பங்கீடு வந்தது. அது இரண்டு ஆண்டுகள் நீடித்தது. இறைச்சிக்கான பங்கீடு 1954 ஜூலை 4ஆம் திகதிதான் நீங்கியது. வென்ற நாட்டுக்கே துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்து ஒன்பது ஆண்டுகள் எடுத்திருக்கிறது. பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இனிச் செய்முறை. எட்டுத் துண்டுகள் வரும், நான்கு பேருக்குப் போதும்.

பேஸ்ட்ரிக்கு 225 கிராம் கோதுமை மா, அரைத் தேக்கரண்டி உப்பு, 175 கிராம் பட்டர், 100 மில்லிலீற்றர் வரை ஐஸ் தண்ணீர். பட்டரை முக்கால் மணி நேரம் பிரீசரில் வைத்துக் கல் போல இறுக விடுங்கள். மாவையும் உப்பையும் கலந்து, பட்டரின் நுனியை மாவில் தோய்த்துத் தோய்த்து அதன் மேலேயே துருவுங்கள். கையால் பிசையாமல் கத்தியால் கிளறுங்கள். தண்ணீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து, மா ஒன்றாகச் சேர்ந்தவுடன் நிறுத்துங்கள். மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் அரை மணி நேரம் வையுங்கள். பிறகு நீளமாக உருட்டித் தேய்த்து, கடிதம் மடிப்பது போல மூன்றாக மடித்து, பக்கம் திருப்பி மறுபடியும் தேயுங்கள். இப்படி மூன்று தடவை.

பட்டர் உருகாமல் இருப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குளிர்ந்த பட்டர் மாவுக்குள் மெல்லிய படைகளாக நிற்கும். போறணையின் சூட்டில் அதிலுள்ள தண்ணீர் ஆவியாகி ஒவ்வொரு படையையும் மேலே தூக்கும். முதலிலேயே உருகிவிட்டால் பட்டர் மாவோடு கலந்து, வருவது பிஸ்கட் போன்ற ஒன்றுதான். லண்டன் சமையலறையில் இது பெரிய சிக்கல் இல்லை. யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ செய்பவர்கள் விடிவதற்கு முன்னர், அல்லது இரவில் மாவை மடித்து வைப்பது நல்லது. வழுவழுப்பான கண்ணாடிப் போத்தலில் குளிர்ந்த தண்ணீரை நிரப்பி அதையே உருட்டுக்கட்டையாகப் பாவிக்கலாம். மா கையில் ஒட்டத் தொடங்கினால் எந்தக் கட்டத்திலும் இருபது நிமிடம் குளிர வையுங்கள். அவசரப்பட்டு மேலும் மா தூவுவதுதான் பலர் விடும் தவறு.

உள்ளீட்டுக்கு 450 கிராம் அரைத்த பன்றி இறைச்சி, 50 கிராம் பாண் தூள், துருவிய சிறு வெங்காயம் ஒன்று, ஒரு தேக்கரண்டி மிளகுதூள், ஒரு தேக்கரண்டி உப்பு, சிறிது சாதிக்காய்த் தூள், இரண்டு மேசைக்கரண்டி குளிர்ந்த தண்ணீர். ஆங்கிலேயர் சேஜ் என்ற இலையைச் சேர்ப்பார்கள். அது இல்லாவிட்டால் தைம் இலை போதும். கடையில் கொழுப்பில்லாத இறைச்சி கேட்காதீர்கள், தோள்பட்டை இறைச்சியே சரி. எல்லாவற்றையும் ஒட்டும் பதம் வரும்வரை பிசைந்து, ஒரு சிறு உருண்டையைப் பொரித்து உப்புப் பாருங்கள். இந்த அளவில் உள்ளீட்டின் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இறைச்சி. கடையில் வாங்குவதற்கும் வீட்டில் செய்வதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

பன்றி சாப்பிடாதவர்கள் கோழித் தொடை இறைச்சியைத் தோலுடன் அரைத்துப் பாவியுங்கள். நெஞ்சிறைச்சி மட்டும் என்றால் வறண்டுவிடும்.

பேஸ்ட்ரியை 40 சென்ரிமீற்றர் நீளம், 30 அகலம் வரும்படி தேய்த்து, நீளவாக்கில் இரண்டாக வெட்டுங்கள். இறைச்சியை இரண்டு நீள உருளைகளாக்கி ஒவ்வொன்றின் நடுவில் வைத்து, ஓரத்தில் அடித்த முட்டை பூசிச் சுற்றுங்கள். மூட்டு கீழே வர வேண்டும். ஒவ்வொன்றையும் நான்காக வெட்டி, மேலே முட்டை பூசி, கத்தியால் இரண்டு கீறல் போட்டு, இருபது நிமிடம் குளிர வைத்த பின்னர் 200 பாகை செல்சியஸில் 25 முதல் 30 நிமிடம் வேகவிடுங்கள். காற்றாடியுள்ள போறணைக்கு 180 பாகை போதும். நிறம் பொன் அல்ல, கடும் பழுப்பாக வர வேண்டும். வெப்பமானி இருந்தால் நடுவில் 75 பாகை காட்ட வேண்டும்.

வயிறு நிறையச் சாப்பிட, பொரித்த முட்டை, தக்காளிச் சாற்றில் வெந்த வெள்ளை அவரை, பால் தேநீர் என்று சேர்ப்பார்கள். கூடவே பழுப்பு நிற எச்பி சோஸ். நொட்டிங்காமில் கடை வைத்திருந்த கார்ட்டன் 1895இல் பதிவு செய்த பெயர் அது, பாராளுமன்றத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். அதில் புளியும் பேரீச்சம்பழமும் சேர்வதால் நம் நாக்குக்கு உடனே பிடிக்கும்.

இந்த உணவுக்காக ஓர் அரசு பின்வாங்கியதும் உண்டு. 2012 வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ஜோர்ஜ் ஒஸ்போர்ன், சூடாக விற்கும் பேஸ்ட்ரிகளுக்கு 20 சதவீத வரி விதிக்க முயன்றார். போறணையிலிருந்து எடுத்துத் தானாக ஆறிக்கொண்டிருப்பது சூடான உணவா என்று நாடே விவாதித்தது. மே மாத இறுதியில், தானாக ஆறுவதற்கு வரி இல்லை என்று அரசு இறங்கிவந்தது. ஏழைத் தொழிலாளியின் காலை உணவில் கைவைத்தால் வாக்குப் போகும் என்பது அங்கேயும் தெரிந்திருந்தது.

தினமும் சாப்பிடும் பண்டம் அல்ல இது. கொழுப்பும் உப்பும் நிறைய உண்டு. நீரிழிவும் இதய நோயும் நம்மிடையே அதிகம் என்பதால் வாரத்தில் ஒரு நாள், ஒரு துண்டு என்று வைத்துக்கொள்வது நல்லது.

வேகாத ரோல்களைப் பிரீசரில் ஒரு மாதம் வரை வைக்கலாம். உறைந்தபடியே போறணையில் வைத்துப் பத்து நிமிடம் கூடுதலாக விடுங்கள். வெந்தவற்றை ஆறவிட்டு, வெந்து இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும், இரண்டு நாளுக்குள் முடித்துவிட வேண்டும். மீண்டும் சூடாக்குவதும் ஒரு தடவை மட்டுமே. மைக்ரோவேவில் வைத்தால் பேஸ்ட்ரி தொய்ந்துவிடும், போறணையிலேயே சூடாக்குங்கள்.