டிரினிடாடிலிருந்து சேப்பாக்கம் வரை: ராபின் சிங்

1845 முதல் இந்தியக் கூலித் தொழிலாளர்கள் டிரினிடாடின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறினார்கள். அந்தத் தீவின் இந்திய வம்சாவளியில் 1963-ல் பிறந்த ராபின் சிங், 1984-ல் படிப்பதற்காகச் சென்னைக்கு வந்தார். 1988-ல் ரஞ்சிக் கோப்பையை வென்ற தமிழ்நாடு அணியில் அவரும் இருந்தார்.

1989-ல் இந்தியாவுக்காக இரண்டே ஒருநாள் போட்டிகள். அடுத்த வாய்ப்பு 1996-ல்தான்! அதுவரை தமிழ்நாட்டுக்காக ஆடிக்கொண்டே இருந்தார். கடைசியில் 136 ஒருநாள் போட்டிகள் ஆடினார்; டெஸ்ட் ஒன்றே ஒன்று.

பாய்ந்து பந்தைத் தடுக்கும் அவரது பீல்டிங்தான் ஓய்வுக்குப் பிறகும் கைகொடுத்தது. 2007 டி20 உலகக்கோப்பையை இந்தியா வென்றபோது பீல்டிங் பயிற்சியாளர் அவரே. 2008-ல் டெக்கான் சார்ஜர்ஸ், பின்னர் மும்பை இந்தியன்ஸ் அணிகளுக்குப் பயிற்சியாளர். 2020-ல் ஐக்கிய அரபு அமீரகத்தின் கிரிக்கெட் இயக்குநர்.

ஏழு வருடம் ஒதுக்கப்பட்டும் ஆட்டத்தை விடாதவரை வெளியூர்க்காரர் என்று யார் சொல்ல முடியும்?